செவ்வந்திக்கு இருட்டு கேட்டவர்

தனபாக்கியம் டீச்சர் போய்விட்டார் என்று செமாபோக்கிலிருந்து சைக்கிளில் வந்தவர் சொன்னார். எங்கள் பள்ளியில் அறிவியல் கற்பித்தவர். சாக்பீஸை வைத்துவிட்டு என் வகுப்புப் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பினேன். மறுநாள் இழவு வீட்டில் கோவில் நிர்வாகத்தார் முன்வரிசையில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். நான் அவர்கள் பக்கத்தில் நிற்காமல் விலகிப் போனேன். டீச்சரோடு பழகிய உங்களுக்குக் காரணம் தெரியும், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

சுதந்திரம் வந்தபோது காஜா பேராங்கில் எங்கள் தெருக் கோவிலுக்கு எதிரே பெரிய மின்விளக்கு போட்டார்கள். விடிய விடிய எரிந்தது. அதன் அடியில்தான் லெட்சுமியின் செவ்வந்திப் பாத்தி. கோவில் மாலைக்கு அவள்தான் பூ கொடுப்பாள். அந்த வருஷம் செடிகள் இலையும் தண்டுமாக மார்பளவு வளர்ந்தன. ஒரு மொட்டுகூட இல்லை. அவள் வீட்டில் ஏதோ தீட்டு என்றார்கள் கோவில் நிர்வாகத்தார். திருவிழாவுக்குள் பூக்காவிட்டால் கோவில் நிலத்தைக் காலி செய்ய வேண்டும் என்றும் சொல்லிவிட்டார்கள்.

“சாமியே என் பூவ வேணாம்னுடுச்சு டீச்சர்,” என்று லெட்சுமி அழுதாள்.

“சாமி இல்ல, லைட்டு. செடிக்கு இருட்டும் வேணும்லா,” என்றார் டீச்சர்.

இலைக்குள் ஒரு நிறமி இருக்கிறதாம். வெளிச்சத்தையும் இருட்டையும் செடிக்கு உணர்த்துவது அதுதானாம். இரவு போதிய அளவு நீண்டால்தான் பூக்கச் சொல்லும் செய்தி இலையிலிருந்து கிளை நுனிக்குப் போகும். விளக்கு இரவையே தின்றுவிட்டால் செடி வளர்ந்துகொண்டே இருக்கும். இதை டீச்சர் நிர்வாகத்திடம் விளக்கினார். சுதந்திர விளக்கில் குற்றம் பார்க்கிறாரே என்று முகம் சுளித்தார்கள்.

டீச்சர் வாதாடவில்லை. ஒரே ஒரு சிறு செடியை மட்டும் தொட்டிக்கு மாற்றி, மாலைதோறும் காலி மண்ணெண்ணெய்த் தகர டின்னைக் கவிழ்த்து மூடச் சொன்னார். லெட்சுமி காலையில் எடுத்துவிடுவாள். திருவிழாவுக்கு முன் அந்தச் செடி மட்டும் மஞ்சளாய்ப் பூத்தது. டீச்சர் அதைத் தொட்டியோடு தூக்கிக்கொண்டு நிர்வாகக் கூட்டத்துக்குப் போனார். “வெளியில வாங்கி வெச்சிருப்பீங்க,” என்றார் தலைவர். லெட்சுமி பாத்தியை விட்டுப் போனாள். அன்றிலிருந்து டீச்சர் அந்தக் கோவில் வாசலை மிதிக்கவில்லை.

இப்போது டீச்சர் நினைவாக அதே பாத்தியில் இன்னொரு விளக்கு போடுகிறார்களாம். விடிய விடிய எரியுமாம். திறப்பு விழாவில் பேச என்னை அழைத்திருக்கிறார்கள்.

அந்தத் தகரம் என்னிடம்தான் இருக்கிறது. அதை மேடையில் வைத்து, டீச்சர் லெட்சுமியிடம் சொன்னதை அப்படியே சொல்லிவிட்டு இறங்கிவிடுவேன்.