பட்டினியின் வாடை

அழுகத் தொடங்கிய கொய்யாப்பழத்தின் மேல் நெயில் பாலிஷ் அழிக்கும் திரவத்தை ஊற்றியது போன்ற வாடை அது. சேலத்தில் ஓர் எடைக்குறைப்பு மையத்தில் நான் வேலை பார்த்த நாட்களில், அக்காவின் வாயிலிருந்து வந்தது. அன்று மூக்கைப் பொத்திக்கொண்டேன். இன்றும் குமட்டுகிறது, ஆனால் அவரை நினைத்து அல்ல.

அக்கா என் உடன்பிறந்தவர் அல்லர். திருச்செங்கோட்டிலிருந்து வாரம் ஒருமுறை பஸ் ஏறி எங்கள் மையத்துக்கு வருபவர். அவர் கணவருக்குப் போர்வெல் ரிக் தொழில். மாதக்கணக்கில் வடக்கே தங்கிவிட்டு ஊர் திரும்பியவர், இரண்டு பிரசவத்துக்குப் பின் பருத்திருந்த மனைவியைப் பார்த்து, "உன்னைக் கூட்டிட்டு ஒரு விசேசத்துக்குப் போக முடியுதா?" என்றாராம். அதை அக்கா சிரித்துக்கொண்டேதான் சொன்னார். கேட்ட எனக்குத்தான் கசந்தது.

மையத்தை நடத்திய மேடம் படித்தது உணவியல் அல்ல, வேறு ஏதோ. காலையும் இரவும் ஒரு டம்ளர் வெனிலா பவுடர் கரைசல், மதியம் ஒரு கிண்ணம் வெந்த காய். யார் வந்தாலும் இதே பட்டியல். எடை பார்த்து நோட்டில் குறிப்பது என் வேலை. முதல் மாதம் அக்காவின் எடை மளமளவென்று இறங்கியது. மேடம் அவரைப் போட்டோ எடுத்துச் சுவரில் மாட்டினார். இரண்டாம் மாதம் இறக்கம் மந்தமானது. மூன்றாம் மாதம் எண் அசையவே இல்லை. சித்திரை வெயிலிலும் ஏ.சி.யை நிறுத்தச் சொல்லி அக்கா முந்தானையைப் போர்த்திக்கொள்வார். அவர் எழுந்துபோன நாற்காலியில் கொத்தாக முடி கிடக்கும். மாடிப்படியில் இரண்டு முறை நின்று மூச்சு வாங்குவார். எல்லாவற்றையும் பார்த்தேன். என் நோட்டில் எடைக்கு மட்டும்தான் கட்டம் இருந்தது.

ஒரு நாள் மேடம் அக்காவின் கணவரையும் வரவழைத்தார். "இவங்க திருட்டுத்தனமா திங்கறாங்க சார். இல்லாட்டி எடை ஏன் நிக்கணும்?"

"சத்தியமா இல்லீங்க மேடம். ஊட்டுல எல்லாத்துக்கும் ஆக்கிப் போடறேன். ஒரு பருக்கை வாயில வெக்கறதில்லீங்க" என்றார் அக்கா.

மேடம் என் பக்கம் திரும்பினார். "அவங்க வாயை மோந்து பாரு."

அறையில் இன்னும் ஐந்து பெண்கள் இருந்தார்கள். அக்கா என்னைப் பார்த்தார். பிறகு, கசப்பு மருந்து குடிக்கும் குழந்தையைப் போல வாயைத் திறந்தார். நான் குனிந்து மோந்தேன். "நாத்தம் அடிக்குதுங்க மேடம்" என்றேன். "பாத்தீங்களா சார்? எதையோ தின்ன நாத்தம்" என்றார் மேடம். கணவர் எல்லார் முன்னாலும் அக்காவின் கைப்பையைப் பிடுங்கி மேசைமேல் கொட்டினார். பஸ் டிக்கெட்டும் சீப்பும் விழுந்தன. தின்பதற்கு ஒன்றும் இல்லை. அப்படியும் அவர், "மானத்த வாங்கறியே" என்று சொல்லிவிட்டுத் தனியாக இறங்கிப் போனார்.

பின்னாலேயே இறங்கிய அக்கா பாதிப் படியில் மயங்கி விழுந்தார். "ஆட்டோல கூட்டிட்டுப் போ. நம்ம மையத்துப் பேரைச் சொல்லிராதே" என்றார் மேடம். சொல்லும்போதே தன் கைப்பேசியைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

ஆஸ்பத்திரியில் இளம் டாக்டர் ஒருத்தி இருந்தாள். நாடியைப் பிடித்தவள் அக்காவின் முகத்தருகே குனிந்ததும், "எத்தனை நாளா இவங்க சரியாச் சாப்பிடல?" என்று கேட்டாள். மையத்தின் பேரோடு எல்லாவற்றையும் சொன்னேன், வாயை மோந்ததைத் தவிர. அவள் பொறுமையாகவே விளக்கினாள். அளவோடு குறைத்துச் சாப்பிட்டால் கொழுப்பு கரையும், அது உண்மைதான். ஆனால் ஒரேயடியாக வயிற்றைக் காயப்போட்டால் முதலில் இறங்குவதில் பாதி தண்ணீர். பிறகு கொழுப்போடு தசையும் சேர்ந்து கரையும். பஞ்சம் வந்துவிட்டதென்று நினைத்து உடம்பு சிக்கனம் பிடிக்கும். சூட்டைக் குறைக்கும், நாடியை மெதுவாக்கும், முடியைக் கைவிடும். உடம்பில் நீர் கோத்துக்கொண்டால் உள்ளே கொழுப்பு கரைந்தாலும் எடையில் தெரியாது. "இந்த வாடை இருக்கே, சாப்பாடு கிடைக்காத உடம்பு கொழுப்பை எரிக்கறப்ப வர்றது. திருடித் தின்னவங்க வாயில இது வராதும்மா."

சாட்சி என் மூக்குக்குள்ளேயே இருந்திருக்கிறது. அதை நாற்றம் என்று சொல்லி ஒரு பெண்ணைத் திருடியாக்கியிருக்கிறேன். மறுநாளிலிருந்து வேலைக்குப் போகவில்லை.

அக்காவின் வீட்டுக்குப் போகும் துணிவு வர ஓராண்டு ஆயிற்று. சாப்பாட்டு நேரம். அக்கா முன்னைவிடப் பருத்திருந்தார். கணவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். உட்காராமலே சொன்னேன்: "அண்ணா, அக்கா அன்னைக்குத் திருடித் திங்கலீங்க. அது பட்டினி வாடை. தெரியாம நாந்தான் தப்பாச் சொல்லிட்டேன்."

அவர் சோற்றைப் பிசைந்தபடியே, "அதுக்கு இப்ப என்னங்க?" என்றார்.

"அவரு கெடக்கறாரு. நீ உக்காரு சாமி" என்றார் அக்கா. என்னை மன்னித்ததாக அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஒரு தட்டை எடுத்துவந்து, கணவருக்கு நேர் எதிரே உட்கார்ந்து, தனக்குச் சோறு போட்டுக்கொண்டார். கணவர் நிமிர்ந்து அந்தத் தட்டைப் பார்த்தார். அக்கா அவர் கண்ணையே பார்த்துக்கொண்டு முதல் வாயை மென்று விழுங்கினார். பிறகு இன்னொரு கரண்டி போட்டுக்கொண்டார்.