வாசிப்பீங்களா என்று கேட்டார்கள்

ராயக்கோட்டையைத் தாண்டி ஓசூர் சாலையில் நடந்துகொண்டிருந்தேன். முதுகில் கிட்டார், கையில் ஒரு துணிப்பை. நான் இறங்கிக்கொண்ட மெல்லிசைக் குழு வேன் எதிர்த்திசையில் கிருஷ்ணகிரிக்குப் போய்விட்டது. யாரும் என்னைத் துரத்தவில்லை. நானாகத்தான் இறங்கினேன்.

அந்த மெல்லிசைக் குழுவில் சில மாதங்களாக என் கிட்டாரில் ஒயர் செருகுவது நின்றுபோயிருந்தது. பாட்டு முழுவதும் லேப்டாப்பில் ஓடும். பாடுகிறவர் மட்டும் நிஜமாகப் பாடுவார். "அண்ணே, நீங்க சும்மா கைய ஆட்டுங்க. மீதிய அது பாத்துக்கும். ஜனங்களுக்கு என்னா தெரியப்போவுது?" என்றார் குழுவை நடத்துகிறவர். முதலில் எனக்கும் அது சிரிப்பாகத்தான் இருந்தது. முந்தின நாள் கோயில் திருவிழாவில் வேகமான ஒரு பாட்டுக்குக் கையை ஆட்டும்போது மெல்லிய கம்பி அறுந்து கன்னத்தில் அடித்தது. ஸ்பீக்கரில் என் கிட்டார் ஒரு சுரம்கூடக் குறையாமல் வாசித்துக்கொண்டே இருந்தது. மேடையில் இருந்தவர்களிலேயே யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

அப்போதே முடிவுசெய்துவிட்டேன். ஓசூரில் பாகலூர் சாலையில் பழைய வாத்தியங்கள் வாங்கும் கடை ஒன்று இருக்கிறது. கிட்டாரை அங்கே தள்ளிவிட்டு, முன்பு வேலைபார்த்த பிரஸ் ஷாப்புக்கே திரும்பிவிடுவது. சூப்பர்வைசரிடம் போனில் பேசியாயிற்று. "வாய்யா, ஒன் மெஷினு அங்கியேதான் நிக்குது" என்றார். இரும்புத் தகட்டை அடித்து வடிவம் எடுக்கும் அந்த மெஷினிடம்தான் என் இடது கை மோதிர விரலின் நுனி போயிற்று.

கிட்டாரும் ஓசூரில்தான் எனக்கு வந்தது. ஒரே அறையில் ஷிப்ட் மாற்றி மாற்றித் தூங்கிய காலம். திருநெல்வேலிப் பக்கத்து ஆள் ஒருவர் வேலையை விட்டு ஊருக்குப் போகும்போது பஸ்ஸில் இடமில்லை என்று அதை விட்டுப்போனார். நான் கார்டு என்று சொல்லும் மூன்று பிடிகளைக் கற்றுக்கொண்டு எல்லாப் பாட்டையும் அவற்றுக்குள் திணித்தேன். கம்பிகள் எல்லாவற்றையும் சேர்த்து அடிப்பேன். எவ்வளவு சத்தமோ அவ்வளவு சந்தோஷம். தூங்க வேண்டியவர்கள் தலையணையை எறிவார்கள். விரல் போனபிறகு அந்தப் பிடிகள் பிடிக்க வரவில்லை. மிச்சமிருந்த விரல்களால் கம்பிமேல் ஓடப் பழகினேன். ஓட ஓட வேகம் வந்தது. அந்த வேகத்தைப் பார்த்துத்தான் மெல்லிசைக் குழுவில் சேர்த்தார்கள். கைதட்டல் வாங்கியிருக்கிறேன். ஆனால் அறையில் தலையணை அடி வாங்கிய காலத்துச் சந்தோஷம் மேடையில் வரவில்லை. கடைசியில் வேகத்தையும் லேப்டாப் எடுத்துக்கொண்டது.

உத்தனப்பள்ளிக்கு முன்பே மழை பிடித்தது. சாலையோரம் தகரக் கூரை போட்ட சின்னக் கோயில் ஒன்று தெரிந்தது. மேலே சிலுவை. கிட்டாரை யூரியா சாக்குக்குள் நுழைத்துக் கட்டியிருந்ததால் அது நனையவில்லை. நான் நன்றாக நனைந்துவிட்டேன். உள்ளே ஆட்கள் இருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு ஓசூரிலிருந்து சாமியார் பைக்கில் வந்து உடை மாற்றிக்கொண்டிருந்தார். எங்கள் வீடு சிங்காரப்பேட்டைப் பக்கம். மாரியம்மன், முனியப்பன் தவிர வேறு எந்தப் பூசையையும் நான் பார்த்ததில்லை. ஓரமாக வாசலில் நின்றேன்.

அந்தக் கோயிலைப் பார்த்துக்கொள்ளும் உபதேசியார் சாலையை எட்டி எட்டிப் பார்த்தபடி வெளியே வந்தார். என்னைப் பார்த்தவுடன் முகம் மலர்ந்தது.

"தம்பி, வாசிப்பீங்களா?"

சாக்குக்குள் இருந்தும் கிட்டாரைக் கண்டுபிடித்துவிட்டாரே என்று நினைத்தேன். "வாசிப்பங்க. ஆனா விட்டுடலாம்னு இருக்கன்."

"விடறதப் பத்தி அப்பறம் பேசிக்கலாம். கண்ணு நல்லாத் தெரியுதுல்ல?"

"கண்ணு எதுக்குங்க? கைதான வேணும்."

"குறும்பப் பாரு!" என்று என் தோளைத் தட்டினார். "வழக்கமா வாசிக்கற வாத்தியாரு மழையில மாட்டிக்கிட்டாரு. மொத வாசகம் நீங்கதான். நான் கைகாட்டும்போது வாங்க."

முதல் வாசகம் என்றால் முதல் பாட்டு என்று எடுத்துக்கொண்டேன். சாக்கை அவிழ்த்துக் கிட்டாரைத் தோளில் மாட்டி, மிச்சமிருந்த ஐந்து கம்பிகளைச் சுருதி சேர்த்துக்கொண்டு காத்திருந்தேன். கை காட்டினார். போய் மைக் முன்னால் நின்று என்ன பாட்டு என்பதுபோல அவரைப் பார்த்தேன். அவர் கிட்டாரைப் பார்த்தார். பிறகு என் முன்னாலிருந்த சாய்வு மேசையில் விரித்துவைத்திருந்த பெரிய புத்தகத்தைத் தட்டினார்.

"இங்க. இதத்தான் வாசிக்கணும்."

நான் ஆறாம் வகுப்பு வரைக்கும்தான் போனேன். பஸ் போர்டு படிப்பேன், கடைப் பலகை படிப்பேன். ஒரு பக்கம் முழுக்க எழுத்தை அதற்கு முன் நான் வாய்விட்டுப் படித்ததே இல்லை. தெரியாது என்று சொல்லிவிட்டு இறங்கியிருக்கலாம். ஆனால் அத்தனை பேரும் எழுந்திருக்காமல், இருமாமல், என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் கையை இல்லை. அது என்னைக் கட்டிப்போட்டது.

எழுத்துக்கூட்டத் தொடங்கினேன். வனாந்தரத்தில் தண்ணீர் இல்லாமல் நடந்த ஒரு கூட்டத்தைப் பற்றியது. நீளமான சொல் வந்தால் நடுவில் மூச்சு முடிந்துவிடும். மறுபடி முதலிலிருந்து பிடிப்பேன். பதற்றத்தில் வேகமாகப் போகப் பார்த்து ஒரு வரியை இரண்டு முறை படித்துவிட்டேன். முன்வரிசையில் இருந்த கன்னடக்கார அம்மா ஒருவர், பக்கத்து வீட்டு ஆளிடம் பேசுவதுபோலச் சத்தமாகச் சொன்னார்: "நிதானவாகி ஓதப்பா, ஏன் அவசர?"

மெதுவாப் படிப்பா, என்ன அவசரம். யாரும் சிரிக்கவில்லை. நான் ஒவ்வொரு எழுத்தாக வைத்தேன். ஒன்றைச் சொன்னால் அது அவர்களிடம் போய்ச் சேரும்வரை அடுத்ததற்கு எனக்கும் நேரம் பிடித்தது. அந்த மனிதர்களின் தாகம் ஒவ்வொரு சொல்லாக அந்தத் தகரக் கூரைக்குள் ஏறிக்கொண்டிருந்தது. நானே அடுத்து என்ன ஆகுமோ என்று பயந்தேன். தண்ணீர் கிடைத்த இடம் வந்தபோது பின்னால் யாரோ 'அப்பாடா' என்றார்கள். படித்து முடித்ததும் எல்லோரும் ஒரே குரலில் நன்றி சொன்னார்கள். எனக்கா என்று திடுக்கிட்டேன். கடவுளுக்காம்.

உடனே ஒரு பாட்டு பாட வேண்டும்போல. கீபோர்டு வாசிப்பவரும் அந்த வாத்தியார்தான் என்பதால் கீபோர்டு துணி போர்த்தியபடி இருந்தது. பாடல் குழுவில் நாலைந்து பெண்கள். அவர்களை நடத்தும் அக்கா தானாகச் சுருதி எடுத்தார். மிக உயரத்தில் எடுத்துவிட்டார். மற்றவர்கள் எட்ட முடியாமல் நின்றுவிட்டார்கள். நான் இன்னும் இறங்காமல் அங்கேயே இருந்தேன். யோசிக்கவில்லை. தடித்த கம்பியைக் கட்டைவிரலால் ஒரு முறை தொட்டேன்.

மழை விட்டிருந்தது. அந்த ஓசை கூரைக்குப் போய்ச் சுவர் வழியாக இறங்கி, கிட்டாரின் மரம் வழியாக என் விலா எலும்புக்கு வந்தது. அந்த அக்கா திரும்பிப் பார்த்துவிட்டு அதே ஓசையில் குரலைக் கொண்டுவந்து உட்காரவைத்தார். மற்றவர்களும் வந்தார்கள். அடுத்த ஓசையை எப்போது வைப்பது என்று கை கேட்டது. எனக்கு வேறு வழி தெரியவில்லை. படித்ததுபோலவே வாசித்தேன். ஒன்றை வைத்து, அது போய்ச் சேரும்வரை பொறுத்து, அப்புறம் இன்னொன்று.

இத்தனை வருஷத்தில் ஒரு கம்பியின் ஓசையைக்கூட அது தானாக அடங்கும்வரை நான் விட்டதில்லை. எப்போதும் அதன் தலைமேல் வேறொன்றை ஏற்றிவிடுவேன். அன்றைக்குத்தான் முழுதாகக் கேட்டேன். எவ்வளவு நேரம் நிற்கிறது! முதலில் கனமாக இருக்கிறது, பிறகு ஒரு நடுக்கம் வருகிறது, பிறகு மெலிந்து, பெண்களின் குரலுக்கு அடியில் எங்கோ போய் இருந்துகொண்டே இருக்கிறது. அதன்மேல் ஏறி அவர்கள் பாடினார்கள். அந்தக் கன்னடக்கார அம்மா சொற்கள் தெரியாமல் முனகலாகச் சேர்ந்துகொண்டார். என் கை மயிர் சிலிர்த்து நின்றது. இதெல்லாம் இந்தக் கட்டைக்குள்ளேயேவா இருந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

பூசை முடிந்து வாசலில் டீ கொடுத்தார்கள். உபதேசியார் எல்லோரிடமும், "கண்ணு எதுக்கு, கைதான வேணும்னாரு. அப்பவே நான் சுதாரிச்சிருக்கணும்" என்று சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார். பாடல் குழு அக்கா கிட்டாரைச் சுற்றி வந்து பார்த்தார்.

"எங்க போறீங்கண்ணா?"

"ஓசூருக்கு. நாளைலேருந்து பிரஸ் வேல."

டம்ளர் பிடித்திருந்த என் இடது கையைப் பார்த்தார். "அந்த வெரலு அங்க போனதுதானா?"

"ஆமா."

"மிச்சத்தையும் குடுக்கப் போறீங்களா?"

வேலைக்குத்தான் போகிறேன், கிட்டாரை எப்படியும் விற்றுவிடுவேன் என்று சொல்ல வாயெடுத்து, டீயைக் குடித்தேன். வருகிற வழியெல்லாம் முடிவாகியிருந்த விஷயம், டீ ஆறுவதற்குள் முடிவாகாததாக ஆகிவிட்டது.

"எங்க ரோஸ் தோட்டத்துல ஆளு கேக்கறாங்க," என்றார். "பூ வெட்டற வேல. முள்ளு குத்தும், இல்லன்னு சொல்லல. ஆனா வெரல எடுத்துக்காது. நீங்க ஒரு மெஷினு மேல ஆசப்பட்டு ஓடறீங்க, ஓடுங்க. இங்க இருந்தா ஞாயித்துக்கெழம வந்து வாசிக்கலாம். வாரா வாரம் மழை வந்து வாத்தியாரு நின்னுடணும்னு நாங்க வேண்டிக்கவா முடியும்?"

பக்கத்திலிருந்த பெண்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிரஸ் ஷாப் சூப்பர்வைசருக்குப் போன் செய்து வரவில்லை என்றேன். "போய்யா, நீ உருப்படமாட்ட" என்று வைத்துவிட்டார்.

அன்றிரவு கோயிலிலேயே படுத்துக்கொண்டு, மறுநாள் காலை கிட்டாரை உபதேசியாரிடம் விட்டுவிட்டு அந்தத் தோட்டத்துக்குப் போனேன். மலைச்சரிவு முழுக்க வெள்ளைப் பிளாஸ்டிக் கூடாரங்கள். உள்ளே நுழைந்தால் ஈர வெக்கை, இடுப்பளவுச் செடிகள், கண்ணுக்கெட்டும்வரை மொட்டு. அந்த அக்காதான் அங்கே மேஸ்திரி. ஒரு கத்திரியும், தடித்த தோல் கையுறை ஒன்றும் கொடுத்தார். ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

"எந்தக் கைக்கு?" என்றேன்.

"வெட்டற கைக்கு எதுக்குண்ணா? முள்ளப் புடிக்கற கைக்கு."

இடது கையில் மாட்டிக்கொண்டேன். உறையின் மோதிர விரல் நுனி காலியாக மடங்கியது. செடி வரிசையின் தொடக்கத்தில் நின்று முதல் காம்பைப் பிடித்தேன்.