என் பழைய நம்பர் இருந்த வீடு

வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டு மணி ஐந்து நிமிடத்துக்கு எல்லாம் கோணலாகத் தொடங்கியது. ராகு காலம் பன்னிரண்டுக்கே முடிந்துவிட்டது. நான்தான் எதற்கும் இருக்கட்டும் என்று இன்னும் ஐந்து நிமிடம் காத்திருந்தேன். பிறகு மகளிடம், "இப்ப அழுத்து பாப்பா" என்றேன்.

அவள் அழுத்தினாள். மடிக்கணினித் திரையில் ஒரு பெட்டி திறந்தது. பதிவு செய்த கைப்பேசி எண்ணுக்கு ஓடிபி அனுப்பியாகிவிட்டது, அதை நிரப்பினால் பல்கலைக்கழக இடம் உறுதியாகும் என்று எழுதியிருந்தது. எண்ணின் கடைசி நான்கு இலக்கங்கள் மட்டும் தெரிந்தன. மகள் தன் கைப்பேசியை எடுத்துப் பார்த்தாள். ஒன்றும் வரவில்லை. நான் அந்த நான்கு இலக்கங்களைப் பார்த்தேன். அவை என்னுடையவை. பத்து மாதங்களுக்கு முன் நானே வேண்டாமென்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்த நம்பர்.

மாதாமாதம் அந்த நம்பருக்குக் கட்டிய தொகையை நிறுத்தி, வேறு சிலதையும் குறைத்துத்தான் இந்த மடிக்கணினியை வாங்கினோம். பழையதுதான், ஆனாலும் நல்லது. அதில் படித்துத்தான் மகள் பரீட்சை எழுதினாள். மெர்போக் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்து அலுவலகத்தில் நான் கிராணி, கணக்கு எழுதும் வேலை. அங்கே மேசையில் தொலைபேசி இருக்கிறது. வீட்டில் மகளின் கைப்பேசி இருக்கிறது. எனக்கென்று தனியாக எதற்கு என்று ஒரு நாள் தோன்றியது, விட்டுவிட்டேன். "இந்தக் காலத்துல போன் இல்லாம யாராச்சும் இருப்பாங்களா, சாமியாரா நீ?" என்று கேட்காதவர்கள் இல்லை. எனக்கு உள்ளூரப் பெருமையாகவே இருந்தது.

வங்கியில் நம்பரை மாற்றினேன். கிளினிக்கில் மாற்றினேன். உறவினர்கள் எல்லாருக்கும் சொன்னேன். மேற்படிப்பு விண்ணப்பத்துக்கான இணையத்தளத்தில், மகள் பள்ளியில் ஐந்தாம் படிவம் முடித்தபோது கொடுத்த என் நம்பர் அப்படியே கிடந்தது. உள்ளே நுழையக் கடவுச்சொல் போதும் என்பதால் அது யார் கண்ணிலும் படவில்லை.

முதல் சுற்றில் மகளுக்கு எந்த இடமும் வரவில்லை. மேல்முறையீடு செய்தோம். புதன்கிழமை முடிவு வந்தது. தாதிமை, அதாவது நர்சிங் துறையில் பட்டப்படிப்பு, அவள் கேட்ட அதே இடம். வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் ஏற்றுக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் அடுத்த ஆளுக்குப் போய்விடும். புதன் அஷ்டமி, வியாழன் நவமி. "அஷ்டமிக்கும் கம்ப்யூட்டருக்கும் என்னம்மா சம்பந்தம்?" என்று கணவர் கேட்டார். நான் படித்தவள்தான். ஆனாலும் ஒருமுறை கைநழுவிப் போனது திரும்ப வந்திருக்கும்போது, ஒரு நல்ல நாளுக்காகப் பொறுத்தால் என்ன என்றுதான் நினைத்தேன்.

அந்த வெள்ளிக்கிழமை அவர் சுங்கை பட்டாணியில் தொழிற்சாலை வேலையில் இருந்தார். இணையத்தளத்தின் உதவி எண்ணை அழைத்தோம். வெள்ளித் தொழுகை இடைவேளை, மூன்று மணிக்குப் பிறகு அழைக்கவும் என்றது பதிவு செய்த குரல். எண்ணை மாற்றலாமா என்று மகள் தளத்தில் தேடினாள். மாற்றலாம், மூன்று வேலை நாள் ஆகும்.

நான் அதே உதவி எண்ணை மறுபடி அழுத்தினேன். மகள்தான் நிதானமாக, "அம்மா, அந்த நம்பருக்கே கூப்பிட்டுப் பாத்தா என்ன? இப்ப யாராச்சும் வச்சிருப்பாங்கல்ல" என்றாள்.

கூப்பிட்டோம். மணி அடித்தது. ஒரு மலாய்ப் பெண்மணி எடுத்தார். வயதான குரல். பின்னால் வாத்துகள் கத்தின. நான் சலாம் சொல்லி, அத்தை என்ற பொருளில் மக்சிக் என்று மரியாதையாக அழைத்து, மலாயில் விஷயத்தைச் சொன்னேன்.

"ஓ, நீதான் இந்த நம்பரோட பழைய ஆளா?" என்றார். "பண்டார் பாரு அக்காவோட தங்கச்சி?"

என் பெரியக்கா பண்டார் பாருவில் இருக்கிறார். அவரை இவருக்கு எப்படித் தெரியும் என்று எனக்குப் புரியவில்லை. அதைக் கேட்க நேரமும் இல்லை. "ஆமா மக்சிக். இப்ப உங்களுக்கு ஒரு ஆறு நம்பர் வந்திருக்கும். அதை மட்டும் சொல்லுங்க."

தங்கை முறையில் 'அடிக்' என்று அழைத்தாலும், அந்தப் பக்கம் குரல் உடனே மாறிவிட்டது. "அது முடியாது அடிக். யார் கேட்டாலும் நம்பரைச் சொல்லாதேன்னு மசூதியில மைக் வச்சுச் சொல்லியிருக்காங்க. பக்கத்து வீட்டுக்காரி நம்பரைச் சொல்லித்தான் பேங்குல இருந்ததெல்லாம் போச்சு. அவகிட்டயும் தங்கச்சி, மகள், படிப்புன்னுதான் பேசினானுங்க." வைத்துவிட்டார். மறுபடி அழைத்தபோது எடுக்கவில்லை.

அவர் மேல் கோபப்படவும் முடியவில்லை. என் மகளுக்கு நான் சொல்லி வளர்த்ததும் இதுதான்.

உடனே அக்காவை அழைத்தேன். அக்காவின் கைப்பேசி பொத்தான் வைத்த பழைய ரகம். இரண்டை அழுத்திப் பிடித்தால் என் நம்பருக்குப் போகும்.

"நான் நம்பரை விட்டுட்டேன்னு உன்கிட்ட சொன்னேனாக்கா இல்லையா?"

"சொன்னே. நீ விட்டுட்டே. நான் ஏன் விடணும்? ரெண்டை அழுத்துறேன், அவ எடுக்குறா. முதல்ல சாலா நம்பர், தப்பு நம்பர்னு கத்தினா. அப்புறம் முட்டி வலின்னா. எனக்கும் முட்டி வலி. இப்ப வாரம் தவறாம பேசுறோம்."

அக்கா அவ்வப்போது சொல்லும் 'பெண்டாங்காரி' யாரென்று அப்போதுதான் புரிந்தது. கோயிலில் பழக்கமான யாரோ என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

"அவகிட்ட சொல்லி நம்பரை வாங்கிக் கொடுக்கா. அஞ்சு மணிக்குள்ள வேணும்."

அக்கா முயன்றுவிட்டுத் திரும்ப அழைத்தார். "எடுக்க மாட்டேங்குறா. இன்னிக்குப் பக்கத்துல கெண்டூரி விருந்து, சமைக்கப் போகணும்னு சொன்னா. போனைச் சார்ஜ்ல போட்டுட்டுப் போயிருப்பா. நீ நேராப் போ. பெண்டாங் பசார் தாண்டி நெல் ஆலை. அதுக்குப் பின்னால நீலப் பெயின்ட் வீடு. முன்னால வாத்துக் கூண்டு."

"நீ போயிருக்கியா?"

"போனதில்ல. பேசித் தெரியும். நீ கெளம்புடி, நான் விடாம அடிச்சுக்கிட்டே இருக்கேன்."

நல்லவேளை, கணவர் மோட்டார் சைக்கிளில் போயிருந்தார், கார் வீட்டில் இருந்தது. கிளம்பினோம். வாசலைத் தாண்டியதும் கேஸை மூடினேனா என்று சந்தேகம் வந்தது. இறங்கிப் போய்ப் பார்த்தேன். மூடித்தான் இருந்தது. காரில் ஏறியதும் கதவுப் பூட்டு ஞாபகம் வந்தது. அதையும் பார்த்தேன். முச்சந்தி வரை போனபிறகு மறுபடியும் கேஸ். மகள் காரைத் திருப்பினாள். உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். அழுகையை அடக்குகிறாளோ என்று நினைத்தேன்.

ஜெராய் மலை இடப்பக்கம் கூடவே வந்தது. "போனை விடாம இருந்திருந்தா இந்தப் பிரச்சினையே இல்லை" என்று நானே சொல்லிக்கொண்டேன்.

"போனை விடாம இருந்திருந்தா லேப்டாப் இல்லம்மா" என்றாள் மகள், ரோட்டைப் பார்த்தபடியே. "லேப்டாப் இல்லன்னா நான் எதை வச்சுப் படிச்சிருப்பேன்? சும்மா இருங்க."

குருன் ஊரைத் தாண்டும்வரை நான் வழிகாட்டிப் பலகைகளையே படித்துக்கொண்டு வந்தேன்.

நீல வீட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. வாத்துகள்தான் முதலில் எங்களைப் பார்த்துக் கத்தின. வராந்தாவில் ஒரு பெரியவர் சாய்வு நாற்காலியில் இருந்தார், மக்சிக்கின் கணவர். வீட்டுக்குள் ஒரு கைப்பேசி அடித்துக்கொண்டிருந்தது. நின்றது. உடனே மறுபடி அடித்தது. அக்கா சொன்ன சொல்லைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார். பத்து மாதங்களுக்குப் பிறகு என் நம்பர் அடிப்பதை நான் ஒரு பலகைச் சுவருக்கு வெளியே நின்று கேட்டேன்.

"பக்சிக், அந்த போனைக் கொஞ்சம் எடுத்துத் தர முடியுமா?"

அவர் முடியாது என்று தலையை ஆட்டினார். "நாப்பது வருஷமா அவ சாமான் எதையும் நான் தொட்டதில்ல. அதனாலதான் நாப்பது வருஷம்." கெண்டூரி வீட்டுக்கு ஆள் சொல்லி அனுப்புகிறேன் என்றார். தேநீர் வந்தது. மூன்று மணிக்கு மேல் உதவி எண்ணையும் முயன்றோம். இணைப்பு கிடைக்கவே இல்லை. வயல் முழுக்க வெயில். நான் வராந்தாவின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு நடந்தேன். மகள் தூணோரம் உட்கார்ந்து, கைப்பேசியில் இணையப் பக்கம் மூடிக்கொள்ளாமல் அடிக்கடி விரலால் தொட்டுக்கொண்டிருந்தாள்.

நாலரைக்குக் கொஞ்சம் முன்னால் மக்சிக் வந்தார். குட்டையான உருவம். கையில் நெய்ச்சோற்றுப் பொட்டலங்கள், முகமெல்லாம் அடுப்புப் புகை. எங்களைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும் விட்டுக்கொடுக்கவில்லை.

"நேர்ல வந்துட்டா மட்டும் நீதான் அவன்னு ஆயிடுமா?"

அடையாள அட்டையை நீட்டினேன். "அக்கா பேரு இதுல இருக்கா?" என்றார். இல்லை. மக்சிக் அட்டையைத் திருப்பிக் கொடுத்தார். "சரி, ஒண்ணு கேக்குறேன். இன்னிக்குக் கெளம்பும்போது கேஸைப் பாக்க எத்தனை தடவை திரும்பிப் போனே?"

எனக்கு முகம் சூடாகிவிட்டது. "ஒரு தடவை" என்றேன்.

"ரெண்டு தடவை மக்சிக்" என்றாள் மகள். "நடுவுல பூட்டைப் பாக்க ஒரு தடவை." அதுவரை அடக்கி வைத்திருந்த சிரிப்பு அவளை மீறி வந்துவிட்டது. காரில் அவள் அடக்கியது அழுகை இல்லை.

மக்சிக் தொடையில் தட்டிச் சிரித்தார். "இவதான்! இவளேதான்! அக்கா சொன்ன ஆளு!" என்று கணவரைப் பார்த்துக் கத்திவிட்டு உள்ளே போனார். அடித்துக்கொண்டிருந்த போனை எடுத்து, "வந்துட்டாக்கா, அப்புறம் பேசுறேன்" என்று வைத்தார்.

அந்த நேரம் பார்த்து வராந்தாவில் மகளின் கைப்பேசிக்கு இணையம் எடுக்கவில்லை. மூவரும் வயல் வரப்பில் போய் நின்றோம். மகள் புதிதாக ஓடிபி கேட்டாள். மக்சிக்கின் கையில் போன் அதிர்ந்தது. அவர் அதை எனக்குக் காட்டவில்லை. நெஞ்சோடு அணைத்து, மகளுக்கு மட்டும் தெரிகிற மாதிரி சாய்த்தார். மகள் நிரப்பினாள். திரையில் ஒரு வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. பிறகு பச்சையாக ஒரு வரி வந்தது: இடம் உறுதி செய்யப்பட்டது.

நான் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டேன். மகள் இரண்டு கையையும் தூக்கிக் கத்தினாள். வாத்துகளும் சேர்ந்து கத்தின. மக்சிக் என் தோளில் ஒரு பொட்டலத்தால் தட்டி, "எழுந்திரு, சேலையெல்லாம் சேறு. முதல்ல சாப்பிடு" என்றார். அந்த நெய்ச்சோற்றின் ருசி எனக்கு நினைவில்லை. முழுவதையும் சாப்பிட்டேன் என்பது மட்டும் நினைவிருக்கிறது.

இன்றும் எங்காவது கைப்பேசி விடாமல் அடித்தால் நான் திரும்பி மணியைப் பார்க்கிறேன். ஆனால் நான் நம்பரை விட்டதற்காக வருத்தப்படவில்லை. மிச்சமானதில் விடுதிக்கான முன்பணமும் ஒப்பேறியது.

மகள் கிளம்பிய காலையில் வீட்டில் பெரிய விவாதம். பண்டார் பாருவிலிருந்து அக்கா முந்தின நாளே வந்துவிட்டார். "பிள்ளை படிக்கக் கிளந்தானுக்குப் போகுது. இனிமேயாவது ஒரு நம்பர் எடுத்துத் தொலை" என்றார். கணவரும் தலையாட்டினார். நானும் கிட்டத்தட்ட ஒத்துக்கொண்டேன். பெட்டிகள் காரில் ஏறின. யாருக்காகவோ காத்திருப்பது போல அக்கா மட்டும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு பழைய வேன் வந்து நின்றது. பக்சிக் ஓட்டி வந்திருந்தார். மக்சிக் ஒரு மூட்டைப் புது அரிசியோடு இறங்கினார். அக்காவும் அவரும் அதுவரை ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை. இருவரும் முட்டியைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்து, பாதி வழியில் கட்டிக்கொண்டார்கள். நான் நம்பர் எடுப்பது பற்றி அக்கா மக்சிக்கிடம் நியாயம் கேட்டார். மக்சிக் என் பக்கம் திரும்பினார்.

"எடுக்காதே அடிக். உனக்கு வர்ற போனையெல்லாம் நான் எடுத்து அக்காகிட்ட சொல்றேன், அக்கா உங்கிட்ட சொல்லட்டும். நீ காசைச் சேர். இப்ப கெளம்பு, பிள்ளைக்கு நேரமாச்சு. கேஸை மூடிட்டியா?"