கடல் எந்தப் பக்கம்

நண்டுக்குக் கொடுக்குக் கட்டுவதில் அங்கம்மாவின் கை தவறியதே இல்லை. இருபத்தைந்து வருடப் பழக்கம். கொடுக்கை மடக்கி, நூலை இரண்டு சுற்றுச் சுற்றி, பல்லால் இழுத்து முடிச்சுப் போட்டால் நண்டு அசையாது. அந்த வியாழக்கிழமை காலையில் மட்டும் ஒரு நண்டு அவள் கட்டைவிரலைக் கவ்விவிட்டது. நண்டின் மேல் தப்பில்லை. அவள் கண் மடியில் கிடந்த செல்போனில் இருந்தது.

நெட்டுக்குப்பத்துக் கால்பந்து அணிக்கு வங்கக்கரை என்று பெயர். அதன் ரசிகர்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. அன்று காலை யாரோ அதில் ஓட்டெடுப்பு வைத்திருந்தார்கள். வெற்றியைப் பெரம்பூர் அணிக்குக் கொடுத்துவிடலாமா? கொடுக்கலாம் என்று நாற்பத்தாறு பேர். வேண்டாம் என்று ஐந்து பேர். அந்த ஐந்தில் ஒன்று அங்கம்மா போட்டது.

வெற்றி அவளுடைய தம்பி. வங்கக்கரையின் தடுப்பாட்டக்காரன். மூன்று வருடம் அவனைத் தாண்டிப் போன பந்து குறைவு. இந்தப் பருவத்தில்தான் என்ன சாபமோ, ஏழு ஆட்டத்தில் பதினொரு கோல் விழுந்துவிட்டது. அதில் ஒன்பது அவன் பக்கமாக வந்தவை.

விரலில் கசிந்த ரத்தத்தைப் புடவைத் தலைப்பில் அழுத்தினாள். வலித்தது விரல் அல்ல.

அப்பா கடலோடு போனபோது அவளுக்குப் பத்தொன்பது வயது. அம்மா மஞ்சள் காமாலையில் அதற்கு முன்பே போய்விட்டிருந்தாள். வெற்றிக்கு நாலு வயது. அங்கம்மாவுக்குக் காத்திவாக்கத்தில் மாப்பிள்ளை பார்த்துப் பரிசப் புடவையும் வந்து சேர்ந்திருந்தது. பெண்ணை மட்டும் அனுப்புங்கள், பையனை வேறு யாராவது பார்த்துக்கொள்ளட்டும் என்று அந்த வீட்டார் சொல்லி அனுப்பினார்கள். அவள் புடவையை மடிப்புக் கலையாமல் மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டு, தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டு நண்டுக் கூடையின் முன்னால் போய் உட்கார்ந்தாள். அன்று உட்கார்ந்தவள்தான். அந்த மயில்கழுத்து நிறப் புடவை மட்டும் எப்போதாவது அவள் கனவில் வரும்.

பையன் மணலில் பந்து உதைக்க ஆரம்பித்ததும் அவளும் மைதானத்துக்கு வந்தாள். முதலில் அவள் ஒருத்திதான் பெண். கோலுக்குப் பின்னால் நின்று, எதிரணிக்காரனின் கிழிந்த பூட்ஸ் வரைக்கும் கேலி செய்து கத்துவாள். அப்புறம் பத்துப் பதினைந்து பெண்கள் சேர்ந்துகொண்டார்கள். நாளடைவில் வங்கக்கரை ஆட்டம் என்றால் அங்கம்மா குரலும் சேர்த்துத்தான் என்று ஆகிவிட்டது.

இப்போது அந்தக் குரலுக்கு வேலை வந்திருந்தது. இந்தப் பருவம் முழுக்கக் களத்தில் ஆடி முடித்தால் விளையாட்டு ஒதுக்கீட்டு வேலைக்கு வெற்றி மனுப் போடலாம். அடுத்த வருடம் வயது தாண்டிவிடும். பெரம்பூர்க்காரர்கள் அவனை ஆட வைக்க எடுக்கவில்லை, யாருக்காவது அடிபட்டால் இறக்குவதற்கு ஓரத்தில் உட்கார வைக்கத்தான் எடுக்கிறார்கள். அது குப்பத்துக்கே தெரியும்.

கூடையைப் பக்கத்துப் பெண்ணிடம் ஒப்படைத்துவிட்டு அவள் திருவொற்றியூருக்கு பஸ் ஏறினாள்.

அணியின் செயலாளர் இசக்கிப்பாண்டிக்கு அங்கே மளிகை மொத்தக் கடை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து முப்பது வருடம் ஆகியும் பேச்சு மாறாத மனிதர். வங்கக்கரையின் சட்டைகள் எல்லாம் அவர் கொடுத்தவை. அவர் கடையின் அரிசி மூட்டைகள்தான் ரசிகர்களின் கேலரி. அங்கம்மா போனபோது ஏழெட்டுப் பேர் மூட்டை மேல் உட்கார்ந்து அவள் தம்பியைத்தான் அலசிக்கொண்டிருந்தார்கள். அவளைப் பார்த்ததும் இரண்டு பேர் பேச்சை நிறுத்தினார்கள். ஆட்டோக்காரர் ஒருவர் நிறுத்தவில்லை.

"பேருதான் வெற்றி. ஆனா வாரா வாரம் தோல்விய பார்சல் கட்டிக்கினு வர்றான்" என்றார் அவர். "செகண்ட் ஹாஃப் வந்தா போதும், காலு ஓட மாட்டேங்குது. தண்ணி கிண்ணி போட்றானா இன்னா?"

அங்கம்மா அவரை ஒரு பார்வை பார்த்தாள். "எந்தம்பி காலைல மூணு மணிக்கு போயி வல இஸ்துட்டு வர்றான். நீ ஆட்டோவ கிக்கர் அடிக்கவே மூச்சு வாங்குற. நீ அவன் மூச்ச பத்தி பேசாத நைனா."

மூட்டைகள் மேல் சிரிப்பு எழுந்து அடங்கியது. இசக்கிப்பாண்டி சிரிக்கவில்லை. கணக்குப் பிள்ளையிடம் பேனாவைக் கொடுத்துவிட்டு எழுந்து வந்தார்.

"தாயி, அவன விடணும்னு எனக்கு மட்டும் ஆசையா? பெரம்பூர்க்காரன் அவனுக்குப் பதிலா ஒரு ஃபார்வர்டு தாரேங்கான். இந்த டிவிஷன்லயிருந்து கீழ எறங்கிட்டம்னா, மத்த பத்துப் பயலுவ வேலைக்கும் வழியில்லாமப் போயிரும். நீங்களே சொல்லுங்க, நான் யாரப் பாக்க?"

அவர் சொன்னது நியாயம். நியாயமாக இருந்ததுதான் நெஞ்சை அறுத்தது. ஞாயிற்றுக்கிழமை பெரம்பூரில், அந்த அணியோடேயே ஆட்டம். அது முடிந்ததும் மைதானத்திலேயே பதில் சொல்வதாக அவர் பெரம்பூர்க்காரர்களுக்கு வாக்குக் கொடுத்திருந்தார். அதுவரை முடிவெடுக்காதீர்கள் என்று மட்டும் அவள் கேட்டாள். அவர் தலையாட்டினார்.

வெளியே இறங்கினாள். படியில் கால் வைத்ததும் ஆட்டோக்காரர் சொன்னது திரும்ப வந்து குத்தியது. செகண்ட் ஹாஃப். தம்பிக்கு மூச்சு வாங்காது என்பது அவளுக்குத் தெரியும். அப்படியானால் இரண்டாம் பாதியில் மட்டும் அவனுக்கு என்ன ஆகிறது?

கடைக்குள் திரும்பி வந்தாள். ராயபுரத்துப் பெண் ரூபினா மூட்டையோரம் நின்றிருந்தாள். கல்லூரி மாணவி; ஆட்டங்களையெல்லாம் செல்போனில் படம் பிடித்து அணியின் இணையப் பக்கத்தில் போடுகிறவள். விழுந்த கோல்களை ஒவ்வொன்றாகக் காட்டச் சொன்னாள் அங்கம்மா.

"நொந்து போவீங்கக்கா" என்றாள் ரூபினா.

"நொந்துதான் வந்துகீறேன். போடும்மா."

இருவரும் பருப்பு மூட்டைக்குப் பின்னால் உட்கார்ந்தார்கள். தம்பி பக்கமாக வந்த ஒன்பதில் எட்டு இரண்டாம் பாதியில் விழுந்தவை. ஆறாவது கோலில் ரூபினா சத்தத்தைக் கூட்டினாள். கோல் கீப்பர் ரஞ்சித்தின் குரல் கேட்டது: "வெற்றி, லெஃப்ட்டு." படத்தில் வெற்றியின் தலை வலது பக்கம் திரும்பியது. ஒரு கண்ணிமைக்கும் நேரம். அப்புறம்தான் இடது பக்கம் பாய்ந்தான். அதற்குள் பந்து போய்விட்டது. ஏழாவதிலும் அதே. எட்டாவதிலும் அதே.

"அந்தப் பக்கம் யாரைக்கா பாக்குறாரு? அங்க ஆளே இல்லியே" என்றாள் ரூபினா.

ஆள் இல்லை. அந்தப் பக்கம் என்ன இருந்தது என்று அங்கம்மாவுக்குத் தெரியும்.

"கடலு கீதும்மா" என்றாள்.

நெட்டுக்குப்பத்தில் யாரும் இடது வலது சொல்லிப் பேசுவதில்லை. படகில் போனாலும் சரி, வீட்டில் உட்கார்ந்தாலும் சரி, ஒன்று கடல் பக்கம், இல்லாவிட்டால் கரைப் பக்கம். குழம்புச் சட்டி அடுப்பின் கடல் பக்கம் இருக்கும். ஒருமுறை காது வலி என்று டாக்டரிடம் போன வெற்றி, எந்தக் காது என்று கேட்டதற்குக் கரைப் பக்கத்துக் காது என்று சொல்லி, டாக்டர் அவனைத் திருப்பி உட்கார வைத்ததும் கடல் பக்கத்துக் காது என்று மாற்றிச் சொன்ன கதையை இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்கள்.

பதினொரு வருடம் கோல் காத்த தேசப்பன் அதே குப்பத்து ஆள். அவர் 'கடலு' என்றால் வெற்றி கடல் பக்கம் பாய்வான். 'கரை' என்றால் கரைப் பக்கம். யோசிக்க வேண்டியதே இல்லை. முட்டி போய்த் தேசப்பன் உட்கார்ந்த பிறகு பெரம்பூரிலிருந்து ரஞ்சித் வந்தான். நல்ல கீப்பர். ஆனால் லெஃப்ட், ரைட் என்று கூப்பிடுகிறவன். இந்தப் பருவத்து ஏழு ஆட்டமும் கடல் பக்கவாட்டில் இருக்கும் குப்பத்து மைதானத்தில்தான். முதல் பாதி முழுக்க லெஃப்ட் என்றால் கடல் என்று வெற்றியின் மனசு பழகி வைத்திருக்கும். பாதியில் இடம் மாறி நின்றதும் அதே லெஃப்ட் கரையாகிவிடும். கோல் விழுந்தது அந்தக் கண்ணிமைக்கும் நேரத்தில்தான்.

வீட்டுக்கு வந்ததும் தம்பியைக் கேட்டாள். வலையிலிருந்து குப்பையை எடுத்துக்கொண்டிருந்தவன் நிமிரவில்லை. குனிந்தபடியே சொன்னான்.

"லெஃப்ட்டு எதுன்னு தெரியாதவனா நானு? தெரியும்க்கா. ஆனா அவன் கத்துனதும் மனசு மொதல்ல கடல தேடுது. சொன்னா சிரிப்பாங்க. லெஃப்ட்டு ரைட்டு தெரியாத குப்பத்தான்னு பேராவும். அதுக்கு மூச்சு வாங்குதுன்னே சொல்லிட்டு போட்டும்னு உட்டுட்டேன்."

அங்கம்மாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. ஆனால் அழவில்லை. அழுவதற்கு ஞாயிற்றுக்கிழமைக்கு அப்புறம் நேரம் இருந்தது.

சனிக்கிழமை பயிற்சிக்குப் போய் ரஞ்சித்தைப் பிடித்தாள். அவன் முழுக்கக் கேட்டான், சிரிக்கவில்லை. அதற்காகவே அவனுக்கு ஆயுசுக்கும் நண்டுக் குழம்பு ஊற்றலாம் என்று அவளுக்குத் தோன்றியது. ஆனால் அவன் கேட்ட கேள்வி அவளைத் திணற வைத்தது.

"கடலு, கரைன்னு கத்துறதுல எனக்கு ஒண்ணும் பேஜாரு இல்லக்கா. ஆனா நாளைக்கு பெரம்பூரு. ஒரு கோலு கெழக்கால கீது, ஒரு கோலு மேற்கால கீது. கடலு கோலுக்குப் பின்னாடி போயிடும். சைடுல எதக்கா கடலுன்னு சொல்றது?"

காற்று மணலை வாரி அடித்தது. தூரத்தில் மின்நிலையப் புகைபோக்கிகள் நின்றன. அங்கம்மா அலையையே பார்த்துக்கொண்டு நின்றாள். அப்பாவைத் தின்ற கடல். தம்பியை வளர்த்த கடல். திரும்பியபோது அவள் முகத்தில் குழப்பம் இல்லை.

"நாங்க எந்தப் பக்கம் நிக்கிறமோ, அதான் கடலு" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை மூன்றரை மணிக்குப் பெரம்பூர் மைதானத்தில் வெயில் தகித்தது. ஒரு பக்கம் வரிசையாகத் தூங்குமூஞ்சி மரங்கள். அந்த நிழல் முழுக்கப் பெரம்பூர் ரசிகர்கள். எதிர்ப் பக்கம் மொட்டை மதில், மொட்டை வெயில். வழக்கமாகக் கோலுக்குப் பின்னாலும் மரத்தடியிலுமாகச் சிதறி நிற்கும் வங்கக்கரை ரசிகர்கள் அறுபது பேரையும் அங்கம்மா ஒருவர் விடாமல் அந்த மதிலோரம் கொண்டுவந்து நிறுத்தினாள். காரணத்தையும் சொன்னாள். நெட்டுக்குப்பத்து ஆட்கள் யாரும் சிரிக்கவில்லை. அவரவர் காது வலித்த கதை அவரவருக்கு இருந்தது. இசக்கிப்பாண்டி மட்டும் குடையை விரித்துக்கொண்டு, "இதெல்லாம் நடக்குற காரியமா தாயி?" என்றார். ஆனால் குடையோடு அங்கேயே நின்றார்.

முதல் பாதியில் ரஞ்சித் இரண்டு முறை தடுமாறி லெஃப்ட் என்று ஆரம்பித்துக் கடலில் முடித்தான். ஆனாலும் கோல் விழவில்லை. அணிகள் இடம் மாறின. அறுபது பேருக்கும் நாக்கு வறண்டிருந்தது. எதிர்ப் பக்கம் ரோஸ் மில்க் வண்டி வந்து நின்றது. பறையும் கையுமாக ஆட்டோக்காரர் முதல் ஆளாகக் கிளம்பினார். ஐந்தே நிமிஷம் நிழலில் உட்கார்ந்துவிட்டு வருவதாகச் சொன்னார். அவர் பின்னால் இன்னும் பத்துப் பேர் நகர்ந்தார்கள். அங்கம்மா குறுக்கே போய் நின்றாள்.

"கடலு எங்கனா எந்திரிச்சி நெழலுக்குப் போவுமா?"

ஆட்டோக்காரர் அவளைப் பார்த்தார். எதிரே ஆட்டம் தொடங்கக் காத்து நின்ற வெற்றியைப் பார்த்தார். முணுமுணுத்துக்கொண்டே திரும்பி வந்தார். கையிலிருந்த பறையை ஓங்கி ஓர் அடி அடித்தார். மற்றவர்களும் வந்தார்கள்.

அதற்கப்புறம் அவர்கள் நிறுத்தவே இல்லை. பந்து எங்கே இருந்தாலும் மதிலோரத்தில் இரைச்சல் ஓயவில்லை. வெற்றி அவர்களைத் திரும்பிப் பார்க்கவேண்டிய தேவை இல்லாமல் போனது. அவன் கன்னத்தில், முதுகில், காதில் அந்தச் சத்தம் அடித்துக்கொண்டே இருந்தது. இடித்துத் தள்ளினார்கள், விழுந்தான், எழுந்தான். முழங்கை கிழிந்து ரத்தம் வழிந்தது. அங்கம்மா தன் கட்டைவிரலின் நண்டுக் காயத்தை இறுகப் பற்றிக்கொண்டு கத்தினாள்.

கடைசி நிமிடம். பெரம்பூரின் முன்னணி ஆட்டக்காரன் இரண்டு பேரைத் தாண்டி வந்துவிட்டான். வெற்றி மட்டும் மிச்சம். எதிர்ப் பக்கத்து நிழலே எழுந்து நின்றது.

"கடலு!"

ரஞ்சித்தின் குரல் முடியுமுன் வெற்றி பாய்ந்திருந்தான். தலை வேறெங்கும் திரும்பவில்லை. பந்து அவன் காலில் பட்டுத் தெறித்து, கோட்டைத் தாண்டி, நேராக வந்து இசக்கிப்பாண்டியின் குடையைக் கிழித்துக்கொண்டு விழுந்தது.

யாருக்கும் கோல் இல்லாமல் ஆட்டம் முடிந்தது. அந்தப் பருவத்தில் வங்கக்கரை கோல் வாங்காத முதல் ஆட்டம் அது. பெரம்பூர் அணியின் ஆள் பதிலுக்காக மைதானத்தைக் கடந்து வந்தார். கிழிந்த குடையை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு இசக்கிப்பாண்டி அவரிடம் இரண்டே வார்த்தை சொன்னார். பையனைத் தருவதாக இல்லை.

வெற்றி தள்ளாடியபடி வந்து அக்காவின் தோளில் முகத்தைப் புதைத்தான். நாலு வயதில் அவள் இடுப்பில் ஏறியபோதும் அப்படித்தான் புதைத்துக்கொண்டான். அவள் அவன் முழங்கையைத் தன் தலைப்பால் துடைத்தாள். இப்போது அழலாம் என்று நினைத்தாள். அழுகைதான் வரவில்லை.

இசக்கிப்பாண்டி தொண்டையைச் செருமினார்.

"தாயி, அடுத்த வாரம் அம்பத்தூர்ல ஆட்டம். அங்க கடல எந்தப் பக்கம் வைக்கணும்னு இப்பமே சொல்லிருங்க. நம்ம ஆளுவளுக்கு நான் தகவல் கொடுக்கணும்லா."

அங்கம்மா எதிரே மரத்தடியிலிருந்து கலைந்து போகிற கூட்டத்தைப் பார்த்தாள்.

"நெழலு எப்பவும் அவங்க புட்சிக்குவாங்க அண்ணாச்சி" என்றாள். "வெயிலு பக்கம் நமக்குன்னு காலியாதான் கீது. அங்கியே வெச்சிடுங்க."