பாஸூவின் மௌனப் பருவம்

எங்கள் மலையூர் இமின்தாலாவில் பனி உருகத் தொடங்கியதும் இரண்டு காரியங்கள் நடக்கும். வாய்க்காலில் தண்ணீர் வரும்; என் அக்காள் புருஷன் பாஸூவுக்கு முதுகெலும்பு வரும். குளிர்காலம் முழுக்க அடுப்போரத்தில் சுருண்டு கிடந்து, விறகு எடுத்து வரச் சொன்னால் இடுப்பைப் பிடித்துக்கொள்கிற மனிதர், ஏப்ரல் பிறந்ததும் நீலத் தலைப்பாகையைச் சுற்றிக்கொண்டு, அரசாங்கம் கொடுத்த வழிகாட்டி வில்லையை நெஞ்சில் மாட்டிக்கொண்டு நிமிர்ந்து நிற்பார். நீலத் தலைப்பாகை எங்கள் மலைக்காரர்கள் கட்டுவதே இல்லை. அது தெற்கே மணல்காட்டு ஆட்களுடையது. வெள்ளைக்காரர்களுக்குப் பிடிக்கும் என்று மராக்கேஷில் வாங்கி வந்தது.

அக்டோபர் வரைக்கும் அவருக்கு வேலை. முதுகுப்பை சுமந்து வருகிறவர்களைக் கணவாய் கணவாயாக நடத்திக் கூட்டிப்போய், பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவந்து விட வேண்டும். நான் சமையல்காரன். கூடாரத்தையும் பாத்திரங்களையும் கோவேறு கழுதையில் ஏற்றிக்கொண்டு முன்னால் போய், அவர்கள் வந்து சேர்வதற்குள் புதினாத் தேநீர் கொதிக்க வைத்திருப்பேன்.

மச்சானுக்குத் தொழில் நடப்பது என்று ஊரில் சொல்வார்கள். எனக்குத் தெரிந்து அவருக்குத் தொழில் வாய். கால்கள் அந்த வாயைச் சுமந்துபோகும், அவ்வளவுதான். அவர் ஒற்றைக்கு ஒற்றை நின்று விரட்டிய சிறுத்தை ஒன்று உண்டு. வருஷத்துக்கு வருஷம் அது வளர்ந்துகொண்டே வந்தது. அவருடைய பெரியப்பா ஒரு பிரெஞ்சு அதிகாரியைப் பாறையிலிருந்து உருட்டிவிட்ட கதையும் உண்டு. நடக்க வந்தவர்கள் பிரெஞ்சுக்காரர்களாக இருந்தால் அந்த அதிகாரி ஸ்பானியராகிவிடுவார்.

இப்படிப்பட்ட மனிதருக்கு ஒரு மே மாதத்தில் கடைவாய்ப் பல் வீங்கியது. பல் பிடுங்குகிறவனிடம் போகப் பயம். கிராம்பை அதக்கிக்கொண்டு, நீலத் துணியால் கன்னத்தோடு தாடையையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு ஒரு டச்சுக் குழுவோடு கிளம்பிவிட்டார். வாயைத் திறந்தால் காற்றுப்பட்டு உயிர் போகும். அதனால் போய்வரும்வரை அவர்களிடம் ஒரு சொல் பேசவில்லை. வழியைக் கையால் காட்டினார். கேள்விகளுக்குத் தலையை மெல்ல ஆட்டினார்.

அந்தக் குழுவில் மாரைக்கே என்று ஒரு அம்மாள். அவர்கள் ஊரில் காசு வாங்கிக்கொண்டு மூச்சுவிடச் சொல்லித் தருகிறவள். நாங்கள் இத்தனை காலமாகச் சும்மாவே விட்டுக்கொண்டிருந்தோம். கணவாயின் உச்சியில் அவள் மச்சான் பக்கத்தில் உட்கார்ந்து, வாழ்க்கையில் எதைத் தேட வேண்டும் என்று கேட்டாள். மச்சான் கண்ணை மூடினார். கண்ணீர் வழிந்து தாடியில் இறங்கியது. கொஞ்ச நேரம் கழித்து வானத்தைப் பார்த்து ஒரு விரலை உயர்த்தினார். அம்மாளும் அழுதுவிட்டாள். நான் அப்புறம் அவரிடம் கேட்டேன்.

"எதுக்கு மச்சான் விரலத் தூக்குனீங்க?"

அவர் தாடையைப் பிடித்துக்கொண்டு, பல்லிடுக்கில் சொன்னார்: "இன்னும் ஒரு நாள்தான் பொறுப்பேன், அப்புறம் செத்துருவேன்னு அல்லாகிட்ட சொன்னேன், மாப்ளே."

திரும்பி வந்து சந்தையில் பல்லைப் பிடுங்கினார். பிடுங்கியவனிடம் அன்றைக்கே சிறுத்தைக் கதையைச் சொல்லிவிட்டார். காரியம் அதோடு முடிந்தது என்று நினைத்தோம். மாரைக்கே ஊருக்குப் போய் இணையத்தில் எழுதிவிட்டாள்: அட்லஸ் மலையில் ஒரு மகான் இருக்கிறார், அவர் சொற்களைக் கடந்தவர். கூடவே ஒரு போட்டோ. கணவாயில் கண்மூடி உட்கார்ந்திருக்கும் மச்சான். முகத்தில் ஞானம் இருந்தது. வலது கன்னத்தில் கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது.

மராக்கேஷில் எங்களுக்கு ஆள் அனுப்புகிற கம்பெனியின் முதலாளி ஸி மூலூத் ஆங்காரம் இல்லாத மனிதர். பணம் வருகிற வழி தெரிந்தால் எந்தக் கொள்கையையும் அன்போடு ஏற்றுக்கொள்வார். அவரே வண்டி எடுத்துக்கொண்டு எங்கள் ஊருக்கு வந்தார்.

"பாஸூ, இனிமே நீ பேசக் கூடாது."

"எத்தன நாளைக்கு, ஸி மூலூத்?"

"சீசன் முடியிற வரைக்கும். மௌன நடைன்னு பேர் வச்சிருக்கேன். கூட்டம் கூட்டமா கேக்கிறாங்க."

"பேசாம எப்படி வழி காட்டுறது?"

"அந்தப் பொம்பளைக்கு எப்படிக் காட்டுனியோ அப்படி."

"அப்ப எனக்குப் பல்லு வலி."

"இப்பவும் வலிக்குதுன்னு நெனச்சுக்கோ."

அந்தப் போட்டோவை முதலாளி பெரிதாக அச்சடித்துக் கொண்டுவந்திருந்தார். அதைப் பார்த்ததும் மச்சான் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். மறுநாள் அது எங்கள் டீக்கடைச் சுவரில் தொங்கியது.

முதல் பருவம் அவருக்கு நரகமாக இருந்தது என்பதை நான் மறைக்க மாட்டேன். நடக்க வந்தவர்கள் கண்மூடி உட்கார்ந்ததும் பூனைபோல என் சமையல் கூடாரத்துக்குள் வந்து, வெங்காயம் நறுக்குகிற என் காதில் கிசுகிசுப்பார். யாருடைய ஆடு யாருடைய பார்லி வயலில் மேய்ந்தது, யார் மகள் யார் மகனை வேண்டாம் என்றாள், எல்லாம். நான் அடுப்பைப் பார்க்க வேண்டும் என்றால் கோவேறு கழுதையிடம் போவார். அந்த ஒரு கோடையில் எங்கள் பள்ளத்தாக்கின் அரசியல் அந்தக் கழுதைக்குத் தெரிந்த அளவுக்கு ஊர்த்தலைவருக்குத் தெரியாது. எனக்கும் கஷ்டம்தான். கரண்டி சட்டியில் படக் கூடாது, மூடி கணகணக்கக் கூடாது என்று கம்பெனி உத்தரவு. தஜீன் சட்டியை நான் குழந்தையைத் தொட்டிலில் இடுவதுபோல இறக்கி வைப்பேன்.

பனிக்காலம் வந்ததும் தேக்கி வைத்த அத்தனையும் என் அக்காள் தூதா தலையில் கொட்டியது. பொறுத்துப் பார்த்துவிட்டு என் வீட்டுக்கு வந்து உட்கார்ந்துகொண்டாள்.

"தம்பி, அந்தக் கம்பெனிக்காரன் பனிக்காலத்துக்கும் சேத்து ஒப்பந்தம் போடுவானான்னு கேளு."

"ஏங்க்கா?"

"பேசாம இருந்தா அவனுங்க காசு குடுக்கிறாங்க. இந்தாளு பேசினத நான் இத்தன வருஷம் சும்மாவே கேட்டிருக்கேன். எனக்கு யாரு குடுப்பா?"

இரண்டாம் பருவத்தில்தான் வினை வந்தது. மச்சான் தன்னையே நம்பத் தொடங்கிவிட்டார். ஒரு பெல்ஜியக்காரர் அவர் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். இந்தியாவுக்குப் போய்வந்தவராம், எங்கே என்ன செய்ய வேண்டும் என்பது அவருக்குக் கொஞ்சம் குழம்பியிருந்தது. அன்றோடு மச்சான் என் கூடாரத்துக்கு வருவதை நிறுத்திவிட்டார். ஊருக்குத் திரும்பினாலும் பேச்சில்லை. ஸலாம் சொன்னால் நெஞ்சில் கைவைத்துக் கண்ணை மூடித் திறப்பார். ரொட்டி வேண்டுமா என்று அக்காள் கேட்டால் வானத்தைக் காட்டுவார்.

"வானத்துல ரொட்டி இல்ல. வேணும்னா வேணும்னு சொல்லு," என்பாள் அவள்.

அந்த ஜூனில் வாய்க்கால் முறை பிரிக்க ஜமாஅத் கூடியது. கோடையில் எந்த வயலுக்கு எப்போது தண்ணீர் என்பதைத் தீர்மானிக்கிற கூட்டம். எங்கள் மேலூருக்கு ஒவ்வொரு வருஷமும் நல்ல முறை வாங்கிக் கொடுத்தது மச்சானின் வாய்தான். எதிராளி மூச்சு வாங்குகிற இடைவெளியில் நாலு நியாயம் சொல்லிவிடுவார். கீழூரின் சார்பில் யூபா எழுந்தான். அவனும் வழிகாட்டிதான், மச்சான் அளவுக்கு ஆள் கிடைக்காத வழிகாட்டி.

"இந்த வருஷம் மொதத் தண்ணி எங்களுக்கு வேணும். மேலூர்க்காரங்களுக்கு ஆட்சேபணை உண்டா?" என்று கேட்டான்.

எல்லோரும் மச்சானைப் பார்த்தார்கள். அவர் புன்னகை செய்தார்.

நான் முழங்கையால் இடித்தேன். "மச்சான், வாயத் திறங்க. தண்ணி போகுது."

அவர் என் தோளில் மெதுவாகத் தட்டிக் கொடுத்தார். ஓடுகிற தண்ணீரைப் போலக் கையை அலைத்துக் காட்டினார். போகிறது போகட்டும் என்று பொருளாம். போயிற்று. நல்ல முறை முழுக்கக் கீழூருக்குப் போயிற்று. ஆகஸ்டில் அக்காள் வைத்திருந்த ஆப்பிள் கன்றுகள் வரிசையாகக் கருகி நின்றன. அவள் கருகிய கன்றுகளைப் பிடுங்கி வந்து, டீக்கடைச் சுவரிலிருந்த அந்தப் போட்டோவையும் கழற்றி வந்து, இரண்டையும் சேர்த்து அடுப்பில் வைத்து ரொட்டி சுட்டாள். மச்சான் அந்த ரொட்டியைச் சாப்பிட்டார். அன்று அவர் பேசாமல் இருந்தது மகானாக இருந்ததால் அல்ல என்று எனக்குப் பட்டது.

செப்டம்பரில் ஒரு மௌனக் குழு வந்தது. எட்டுப் பத்துப் பேர். ஒரு குறுகலான மலைப் பிளவுக்குள் முழங்காலளவு ஓடையில் நடக்கிற நாள் அது. கழுதை அதற்குள் போக முடியாது. அதனால் நான் மேலே விளிம்பை ஒட்டிய பாதையில் போய்க்கொண்டிருந்தேன். மலையின் தலைமாட்டில் வானம் கறுத்து மழை கொட்டிக்கொண்டிருந்தது. நாங்கள் இருந்த இடத்தில் வெயில். கழுதை நின்றுவிட்டது; என்ன இழுத்தும் நகரவில்லை. எட்டிக் கீழே பார்த்தேன். ஓடை காப்பி நிறமாகிவிட்டிருந்தது.

நான் கத்தினேன். ஒருவருக்கும் கேட்கவில்லை. மச்சானும் அதற்குள் தண்ணீரைப் பார்த்துவிட்டார். பார்த்ததும் அவர் செய்தது, மௌன ஒப்பந்தப்படி, சைகை. இரண்டு கைகளையும் தலைக்கு மேலே வேகமாகத் தூக்கினார். மேலே ஏறுங்கள் என்று அர்த்தம். அத்தனை பேரும் இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கினார்கள். பாறையைக் காட்டினார், பாறையைப் பயபக்தியோடு பார்த்தார்கள். ஒரு பெண்ணின் தோளைப் பிடித்துத் தள்ளினார். அவள் கண்ணை மூடிக்கொண்டு பின்னால் சாய்ந்தாள், அவர் தாங்குவார் என்று.

கல் உருண்டு வருகிற சத்தம் பிளவுக்குள் கேட்கத் தொடங்கியது.

அப்போது மச்சான் வாயைத் திறந்தார். அவருக்குப் பிரெஞ்சு தெரியும், இங்கிலீஷ் தெரியும். வந்தது எங்கள் மலைப் பேச்சு.

"கழுதைக்குப் பொறந்த கழுதைங்களா, மேல ஏறித் தொலைங்கடா. வெள்ளம் வருது. ஒங்க மூச்சும் மயிரும். ஏறுடி, ஏறு. ஒங்க ஆத்தா அங்க அழுவா, எம்பொண்டாட்டி இங்க அழுவா, ஏறுங்கடா."

நான் கத்தியது கீழே கேட்கவில்லை. அவர் கத்தியது மேலே எனக்குக் கேட்டது. ஒரு பருவம் முழுக்கத் தேக்கி வைத்த குரல். ஒரு சொல் புரியாவிட்டாலும் அவர்கள் எல்லோரும் ஆடுகளைப் போலப் பாறை மேல் தாவினார்கள். நகராத ஒருவரை மச்சான் இடுப்புக் கச்சையைப் பிடித்துத் தூக்கி எறிந்தார். வெள்ளம் வந்தது, முதுகுப்பைகளில் பாதியை எடுத்துக்கொண்டு போயிற்று. ஆட்களில் ஒருவரும் போகவில்லை. கடைசியாக ஏறிய மச்சானின் தலைப்பாகை தண்ணீரோடு போயிற்று. வெறும் வழுக்கைத் தலையோடு அவர் பாறையில் குந்திக்கொண்டு நிறுத்தாமல் பேசினார். நடுங்கிக்கொண்டே பேசினார். நான் கயிறு போட்டு இறங்கிப் போனபோதும் பேசிக்கொண்டிருந்தார். வாய்க்கால் முறையைப் பற்றி.

அன்று சாயங்காலம் ஒருவர் என்னிடம் வந்து, பிளவுக்குள் குரு என்ன சொன்னார் என்று கேட்டார். எனக்கு வேலை போய்விடுமோ என்று பயம்.

"மலை தன் பிள்ளைகளை மேலே அழைக்கிறதுன்னு சொன்னாரு," என்றேன்.

அவர் கண்ணை மூடி அதை இரண்டு முறை முணுமுணுத்துக்கொண்டார். இன்னொருவருக்கு அவ்வளவு பக்குவம் இல்லை. மௌனம் என்று விளம்பரம் செய்துவிட்டுக் கத்தினார்கள் என்று கம்பெனிக்குப் புகார் எழுதிவிட்டார். அவர்தான் கச்சையைப் பிடித்துத் தூக்கப்பட்டவர்.

ஸி மூலூத் மறுபடியும் வண்டி எடுத்துக்கொண்டு வந்தார்.

"உயிரக் காப்பாத்துன, அதுக்கு சந்தோஷம். ஆனா கொஞ்சம் மெதுவாக் காப்பாத்தியிருக்கலாம், பாஸூ."

அடுத்த பருவத்து மௌன நடைக்குக் கீழூர் யூபாவைப் போட்டார்கள். முதல் வாரமே தாடி வளர்க்க ஆரம்பித்துவிட்டான். அதற்குப் பிறகு வந்த ஜமாஅத் கூட்டத்தில் அவன் கண்ணை மூடி உட்கார்ந்திருக்க, மச்சான் மதியம் லுஹர் தொழுகை முடிந்ததிலிருந்து பொழுது சாய்ந்து மக்ரிப் தொழுகை வரை பேசினார். கடைசியில் ஊர்த்தலைவர், "முறையில பாதியக் குடுத்துருங்கப்பா, வீட்டுக்குப் போகணும்," என்றார். பாதிதான் கிடைத்தது. அக்காள் ஆப்பிளை விட்டுவிட்டு வாதுமை வைத்தாள்; அதற்குத் தண்ணீர் குறைவாகப் போதும். மச்சானை இன்னும் முழுசாக மன்னிக்கவில்லை. அவர் புன்னகைத்தால் மட்டும் கையில் இருப்பதை எடுத்து எறிகிறாள்.

இப்போது மச்சான் வேறொரு சின்னக் கம்பெனியில் இருக்கிறார். நானும் கூடத்தான். காஸாபிளாங்காவிலிருந்து லீவு நாளில் முதுகுப்பை மாட்டிக்கொண்டு வருகிற குடும்பங்களைக் கூட்டிப் போகிறோம். சித்தி, அத்தை, மருமகள், மூன்று சம்பந்தி என்று ஒரே கூட்டம். ஏறும்போதும் பேச்சு, இறங்கும்போதும் பேச்சு, தேநீர் வாயில் இருக்கும்போதும் பேச்சு. போன வாரம் கணவாயில் உட்கார்ந்து மச்சான் சிறுத்தையை அவிழ்த்துவிடப் பார்த்தார். ஒரு அத்தைக்காரி இடைமறித்து, தன் மைத்துனன் சிங்கத்தைப் பார்த்த கதையைத் தொடங்கிவிட்டாள்.

அவர் எழுந்து என்னிடம் வந்தார்.

"மாப்ளே, இவங்க பேசவே விடமாட்டேங்கிறாங்கடா."

நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். கழுதை அந்தப் பக்கம் கட்டியிருக்கிறது என்று காட்டினேன்.