ஜெயித்த ஜெர்சியைத் துவைக்கக் கூடாது

தெருவே லாண்டிரி அக்கா என்று அழைக்கும் அந்தப் பெண்மணிக்கு அருவருப்பு என்றால் என்னவென்று நெடுங்காலம் தெரியாது. வீட்டு முன்கட்டில் சலவைக் கடை தொடங்கிய நாளிலிருந்து ஊரார் அழுக்கில் கை வைத்தவர். கசாப்புக் கடைக்காரரின் மேலங்கி, கைக்குழந்தை உள்ள வீட்டுப் போர்வை, விருந்தில் குடித்துவிட்டு விழுந்தவரின் கோட்டு, எது வந்தாலும் முகம் சுளிக்காமல் வாங்கிக்கொள்வார். கறையைப் பார்த்தே அந்த வீட்டில் நடந்தது அவருக்குத் தெரிந்துவிடும். வெளியே மூச்சு விடமாட்டார். இப்பேர்ப்பட்டவருக்கே குமட்டலை அறிமுகப்படுத்திய பெருமை நமது தேசியக் கால்பந்து அணியையும் அவருடைய கணவரையும் சரிபாதியாகச் சேரும்.

கணவருக்குத் தெருவில் கேப்டன் என்று பெயர். பந்தை உதைத்துப் பழக்கமில்லை. ஒரே ஒரு முறை உதைத்தபோது பந்து அங்கேயே இருக்க, செருப்பு மட்டும் எதிர்வீட்டு மாடிக்குப் போனது. இருந்தாலும் ரசிகர் சங்கத் தலைவர் என்பதால் அந்தப் பட்டம். உத்தியோகம், மனைவியின் கடையில் கல்லாவில் உட்கார்ந்து துணிக்கு டோக்கன் போடுவது.

இரண்டு வருடங்களுக்கு முன் நமது அணி வெளியில் சொல்ல முடியாத ஒரு தோல்வியைச் சந்தித்தது. அன்று கேப்டன் நெஞ்சில் கை வைத்து, அணி ஜெயிக்கும்வரை இந்த ஜெர்சியைத் துவைப்பதில்லை என்று சபதம் செய்தார். அணியும் தன் பங்குக்கு ஒத்துழைத்தது, விடாமல் தோற்றது. முதலில் ஆட்ட நாட்களில் மட்டும் அணிந்தவர், தோல்விகள் கூடக்கூட, நம்பிக்கை தளரவில்லை என்று காட்டத் தினமும் அணியலானார். நீலம் சாம்பலாகி, சாம்பல் பெயர் தெரியாத ஒரு நிறமானது. அக்குள்களில் உப்புப் பூத்தது. இரவில் கழற்றி நாற்காலியில் வைத்தால் யாரோ உட்கார்ந்திருப்பது போலவே இருந்தது. அக்கா தலையணையை எடுத்துக்கொண்டு இஸ்திரி அறைக்குக் குடிபோனார்.

அதோடு போயிருந்தால் அது குடும்ப விஷயம். ஆனால் அந்த நாற்றம் கல்லாவில் உட்கார்ந்து டோக்கன் போட்டது. துவைத்த துணியை வாங்க வந்தவர்கள், துவைத்துவிட்டீர்களா என்று கேட்கத் தொடங்கினார்கள். பிறகு கேட்பதையும் நிறுத்தி, தெருமுனையில் திறந்திருந்த புதிய கடைக்குப் போனார்கள். மிஞ்சியிருந்த ஒரே வழி பிரசவ ஆஸ்பத்திரியின் படுக்கை விரிப்புகளைத் துவைக்கும் வேலை. சனிக்கிழமை மாலை தலைமை நர்ஸ் நேரில் வந்து கடையைப் பார்ப்பதாகச் சொல்லியிருந்தார். அவர் தலையசைத்தால் கடை பிழைக்கும். இல்லையென்றால் இயந்திரத்தை விற்றுவிட்டு அக்கா வேறு யார் வீட்டிலாவது பாத்திரம் கழுவ வேண்டியதுதான்.

அதே சனிக்கிழமை பிற்பகலில் ஒரு நட்பு ஆட்டம். எதிரணி ஏதோ ஒரு குட்டித் தீவு. அதன் கோல்கீப்பர் மற்ற நாட்களில் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறவர் என்று தொலைக்காட்சியில் சொன்னார்கள். அக்கா வாழ்க்கையில் முதல் முறையாகக் கால்பந்து பார்த்தார். கொல்லையில் ஒரு வாளி வெந்நீர் சலவைச் சோடாவோடு காத்திருந்தது. ஜெயித்துத் தொலைத்தால், நர்ஸ் வருவதற்குள் சட்டையை ஊறவைத்துவிடலாம்.

ஜெயித்துத் தொலைத்தார்கள். ஆட்டம் முடியும் தறுவாயில் தீவுக்காரர் ஒருவர் பந்தைத் தம் கோல்கீப்பர் பக்கம் தட்டிவிட்டார். கோல்கீப்பர் அப்போது குனிந்து ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தார். சேம்சைடு கோல். ஒன்றுக்குப் பூஜ்யம்.

சங்கத்தார் மொத்தமும் கடைக்குள் பாய்ந்தார்கள். ஒருவர் கல்லா மேலேறி ஆடினார். ஒருவர் சோடா பாட்டிலைக் குலுக்கி, தேய்த்து அடுக்கியிருந்த சட்டைகள்மேல் பீய்ச்சினார். கோல் போட்ட தீவுக்காரருக்கு நம் நாட்டுக் குடியுரிமை தர வேண்டும் என்று ஒருவர் முன்மொழிய, இன்னொருவர் அழுதுகொண்டே வழிமொழிந்தார். இந்த அமளிக்கு நடுவே கேப்டன், வாக்குத் தவறாதவர், இரண்டு கைகளையும் தூக்கிச் சட்டையைத் தலை வரைக்கும் உருவிவிட்டார். அக்கா வாளியோடு பக்கத்தில் வந்துவிட்டார்.

"தலைவரே, கழட்டாதீங்க" என்றார் சங்கச் செயலாளர். செல்போன் பழுதுபார்ப்பவர், கோளாறுக்குக் காரணம் கண்டுபிடிப்பதே அவர் தொழில். பயிற்சியாளர் மாறினார், ஆட்டக்காரர்கள் மாறினார்கள், மைதானம் மாறியது. இந்த இரண்டு வருடத்தில் மாறாமல் இருந்தது இந்தச் சட்டை ஒன்றுதான், ஆகவே ஜெயித்தது எதனால் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை என்று அவர் விளக்கினார்.

கேப்டன் சட்டைக்குள்ளிருந்தபடியே யோசித்தார். பிறகு மெல்லக் கீழே இறக்கிவிட்டுக்கொண்டார்.

"ஏங்க, சேம்சைடு கோல் போட்டானே, அவன் துவைச்ச சட்டைதானே போட்டிருந்தான்?" என்றார் அக்கா.

"அதனாலதான் தோத்தாங்க, அக்கா" என்றார் செயலாளர்.

சட்டையை இனி எக்காலத்திலும் துவைப்பதில்லை என்ற தீர்மானம் அங்கேயே ஏகமனதாக நிறைவேறியது. தொடர்ந்து வரிசை ஒன்று உருவானது. ஒவ்வொருவராக வந்து கைக்குட்டையைக் கேப்டனின் முதுகில் ஒற்றிக் கண்ணில் வைத்துக்கொண்டார்கள். குழாய் ரிப்பேர்க்காரர் ஒருபடி மேலே போய், அக்குளில் முகத்தைப் புதைத்து ஆழமாக மூச்சிழுத்தார். சாக்கடையில் இறங்கிப் பழகியவருக்கே கண் கலங்கியது. பக்தி என்று எடுத்துக்கொண்டார்கள். அக்கா வாளியைக் கீழே வைத்துவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்துத்தான் தலைமை நர்ஸ் வாசலில் வந்து நின்றார்.

"என்னம்மா இது நாத்தம்?"

சத்தம் அடங்கியது. கேப்டன் மனைவியின் காதருகே குனிந்து, "சாக்கடை அடைச்சிருக்குன்னு சொல்லு" என்றார். குனிந்ததில் நாற்றம் இன்னும் கிட்டே வந்தது.

"சாக்கடை இல்லீங்க. என் வீட்டுக்காரர்" என்றார் அக்கா.

நர்ஸ் உள்ளே போனார். உள்ளறையில் மடித்திருந்த விரிப்பு ஒன்றைப் பிரித்து, ஓரத் தையலைத் திருப்பி, முகர்ந்து பார்த்தார். இயந்திரத்தின் ரப்பர் வளையத்தை விரலால் துடைத்து விரலைப் பார்த்தார்.

"உன் வேலை சுத்தமா இருக்கும்மா. ஆனா இது பொறந்த குழந்தையச் சுத்துற துணி. அந்தச் சட்டை இருக்குற எடத்துக்கு நான் அனுப்ப மாட்டேன்."

அக்கா கணவரைப் பார்த்தார். "கழட்டுறீங்களா?"

கேப்டன் சங்கத்தாரைப் பார்த்தார். சங்கத்தார் சட்டையைப் பார்த்தார்கள்.

"அடுத்த மாசம் இன்னொரு மேட்ச் இருக்கே" என்றார் கேப்டன்.

அக்கா அவர் இடுப்பிலிருந்த கல்லாச் சாவியை உருவிக்கொண்டு, வாசற்கதவை நன்றாகத் திறந்துவிட்டார். தலைவரை வெளியேற்றுகிறார்கள் என்பது புரியாத சங்கத்தார், வெற்றி ஊர்வலம் என்றெண்ணி அவரைத் தோளில் தூக்கிக்கொண்டார்கள். செயலாளருடைய செல்போன் கடைக்கு மேலே, மாடியிலிருந்த சங்க அறையில் கொண்டுபோய் இறக்கினார்கள். அன்று முதல் அவர் ஜாகை அங்கேதான்.

திங்கட்கிழமை ஆஸ்பத்திரி மூட்டை வந்தது. ரத்தம், பனிக்குட நீர், இன்னும் என்னென்னவோ. அக்கா முகம் சுளிக்காமல் பிரித்துப் போட்டார்.

அந்த வாரமே செயலாளர் வந்தார், மூக்கில் துணி கட்டிக்கொண்டு. கீழே தன் கடைக்கு ஆளே வருவதில்லை என்றும், சங்கத்தில் பாதிப் பேர் உடம்பு சரியில்லை என்று சொல்லி மாடிப்படி ஏறுவதில்லை என்றும், தலைவரை எப்படியாவது வீட்டுக்குக் கூப்பிட்டுக்கொள்ள வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டார்.

"கழட்டச் சொல்லுங்க, கூப்பிட்டுக்கறேன்."

"எப்படிக்கா சொல்றது? தீர்மானம் போட்டுட்டோமே."

"திருப்பி வாங்கிக்கங்க."

அதற்கும் ஏகமனதாக ஓட்டு விழ வேண்டும் என்பது சங்க விதியாம். கேப்டனுக்கும் ஒரு ஓட்டு உண்டாம். அக்கா தலையாட்டிக்கொண்டே அடுத்த விரிப்பை உதறினார்.