நாஸ்கா கோடுகளை அளந்த பவானியின் ஊரில்

பினாங்கு போகும் எண்ணமே எனக்கு இருக்கவில்லை. பல வருடங்களுக்கு முன் பெரு நாட்டின் நாஸ்கா பாலைவனத்துக்குப் போய்வந்து எழுதிய பதிவின் கீழ், போன மார்ச்சில் ஒரு பின்னூட்டம் வந்தது. "நீங்க எழுதியிருக்கிற ஆராய்ச்சியாளர் பவானி என் அக்கா. ரெண்டு வருஷம் முன்னாடி அங்கேயே தவறிட்டாங்க. எங்களைப் பத்தி உங்ககிட்ட ஏதாச்சும் சொன்னாங்களா?" எழுதியவர் பெயர் குணசேகரன், பினாங்குக்காரர். பதில் 'இல்லை' என்பதுதான். அதை எப்படிப் பின்னூட்டப் பெட்டியில் தட்டச்சு செய்வது? ஜூனில் டிக்கெட் போட்டேன்.

திருச்சியிலிருந்து கோலாலம்பூருக்கு விமானம். அங்கிருந்து பட்டர்வொர்த்துக்கு ரயில்: நான்கு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல், எண்பது வெள்ளி. (ரிங்கிட்டை இங்கே தமிழர்கள் வெள்ளி என்றுதான் சொல்கிறார்கள்.) தீவுக்குப் பாலம் வழியாகவும் போகலாம், ஆனால் ஃபெர்ரியை விட்டுவிடாதீர்கள். இரண்டே வெள்ளியில் ஜார்ஜ் டவுன் மெல்ல மெல்லக் கிட்டே வருவதைப் பார்க்கலாம். நான் பார்த்தபோது மலைமேல் மழை கொட்டிக்கொண்டிருந்தது. இப்படி நனைந்த ஊரில் பிறந்த பவானி மழையே பெய்யாத இடமாகத் தேடிப் பிடித்தாரே என்று சிரிப்பு வந்தது.

பவானியைத் தெரியாதவர்களுக்காக: நாஸ்காவின் பழங்கால மக்கள் தரையிலிருந்த கருங்கற்களை ஒதுக்கி, அடியில் உள்ள வெளிறிய மண் தெரியும்படி கோடுகள் போட்டார்கள். குரங்கு, சிலந்தி, பறவை, அப்புறம் கண்ணுக்கெட்டாத தூரம் போகும் நேர்கோடுகள். பவானி கணித ஆசிரியை. ஆறு மாத ஆராய்ச்சி என்று சொல்லிவிட்டுப் போனவர் முப்பது வருடம் தங்கிவிட்டார். வேன் கூரைமேல் ஏணி போட்டு ஏறிப் பார்ப்பார், நாடா பிடித்து அளப்பார், மணல் மூடிய கோட்டைத் துடைப்பத்தால் பெருக்குவார். கோட்டின்மேல் லாரி ஏற்ற வந்த ஒருவரை அவர் குறுக்கே நின்று விரட்டியதை நானே பார்த்திருக்கிறேன். அனுமதி வாங்கி நான்கு நாள் அவருக்கு நாடா பிடித்தேன். அவ்வளவு சந்தோஷமாக நான் வெயிலில் காய்ந்ததே இல்லை. அந்த நாட்கள் திரும்ப வராதா என்று இன்றைக்கும் ஏக்கமாக இருக்கிறது.

குணசேகரன் வீடு பாயான் பாருவில். ஃபெர்ரி துறையிலிருந்து டாக்சிக்கு முப்பது வெள்ளி. கொஞ்சம் ஊர் சுற்றிவிட்டுப் போகலாமா என்று கேட்டதற்கு ஓட்டுநர் மறுத்துத் தலையாட்டினார். "வேணாங்கக்கா. ஃபேக்டரி விட்டா ஜாம்ல மாட்டிக்குவோம் லா. இப்பவே போயிடலாம்." நல்ல யோசனை, நீங்களும் கேளுங்கள்.

குணசேகரன் எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நான் உட்காருவதற்குள் கேட்டுவிட்டார்.

"சொன்னாங்களாம்மா?"

"இல்லண்ணே. ஒரு வார்த்தைகூடச் சொல்லல."

"தெரியும்," என்றார். "அம்மா சாவுக்கே வரல. சேதி போய்ச் சேந்தப்ப எல்லாம் முடிஞ்சிருச்சு, அது வேற." கோப்பி கலந்து கொண்டுவந்து எதிரே உட்கார்ந்தார். "சரி, அங்க ஒரு நாள் எப்படித்தான் போகும்? சொல்லுங்க."

சொன்னேன். கோட்டில் தடம் பதியாமலிருக்க எல்லோரும் காலில் துணி சுற்றிக்கொள்வோம். வேலை முடிந்து வெளியே வந்ததும் பவானி ஒவ்வொருவரையும் நிறுத்தி, துணியை அவிழ்க்கச் சொல்லி, காலில் தண்ணீர் ஊற்றுவார். குடிக்கும் தண்ணீரே தூரத்திலிருந்து வரும் இடம் அது. வேலையாட்கள் கூச்சத்தில் நெளிவார்கள். "அங்கத்து மண்ணு வெளிய போயிடக் கூடாதுன்னு ஏதோ ஆராய்ச்சி விதி போல," என்றேன்.

குணசேகரன் கோப்பையைக் கீழே வைத்தார். "ஆராய்ச்சி விதியா?" என்று என்னையே பார்த்தார். பிறகு கார் சாவியை எடுத்தார். "வாங்கம்மா, கெரேத்தாவுல ஏறுங்க."

தண்ணீர்மலைக் கோயிலுக்குப் போகும் சாலையோரம் ஒரு மரத்தடியில் நிறுத்தினார். "தைப்பூசத்தன்னிக்குக் காவடி எடுத்துட்டு வர்றவங்களுக்குத் தார்ல காலு வெந்துபோகும். இங்கதான் எங்கம்மா ட்ரம்முல தண்ணி ரொப்பி வைப்பாங்க. நான் மொண்டு மொண்டு கொடுப்பேன், அக்கா ஊத்துவாங்க. அக்கா படிக்கப் போற வரைக்கும் வருஷா வருஷம் இதான்."

பழனிக்கு நடந்து போகிறவர்களைப் பார்த்தே வளர்ந்தவள் நான். எனக்கே உறைக்கவில்லை. பாலைவனம், ஆராய்ச்சி என்றதும் என் மண்டை வேறு பக்கம் போய்விட்டது.

"குனிஞ்சு ஊத்துவாங்களா?" என்று கேட்டார்.

"ஒவ்வொருத்தர் முன்னாடியும் குனிவாங்கண்ணே."

அப்படியே மலைக்கோயிலுக்கும் ஏறினோம். நீங்கள் போனால் காலையிலேயே ஏறிவிடுங்கள், படிகள் நிறைய. குடையும் தண்ணீர்ப் புட்டியும் அவசியம். தைப்பூசத்துக்குப் போவதாக இருந்தால் தங்குமிடத்தை மாதக்கணக்கில் முன்பே பதிவு செய்யுங்கள், சாலையோரம் தண்ணீர் ஊற்றுகிறவர்கள் பக்கத்தில் கொஞ்ச நேரம் நில்லுங்கள். நாஸ்காவில் கோடுகளைப் பார்க்க விமானத்தில் ஏற்றுகிறார்கள். ஆனால் அந்தக் கோடுகள் நடப்பதற்காகப் போட்டவை என்றுதான் பவானி சொல்வார். அந்த எண்ணம் அவருக்கு எங்கிருந்து வந்திருக்கும் என்று மேலே நின்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

இறங்கும்போது குணசேகரன் பாதிப் படியில் உட்கார்ந்துவிட்டார். மூட்டுவலி என்று நினைத்து நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"அம்மா கடைசி வரைக்கும் கேட்டுக்கிட்டே இருந்தாங்கம்மா," என்றார். "அவளுக்கு நம்ம நெனப்பு இருக்குமாடான்னு. நான்தான், இல்லம்மா, அக்கா மறந்துட்டாங்கன்னு சொல்லிட்டேன்."